மாஸ்டர் டோனிக்கு எல்லாம் தானாக வரும்

சங்கீதக்காரர்களில் பல ரகம் உண்டு. மைக்கைத் தட்டி "அலோ, அலோ" சொல்வதிலேயே கச்சேரியில் கால்வாசியை ஓட்டிவிடுகிறவர் ஒரு ரகம். அபஸ்வரம் விழும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரை முறைத்து, விழுந்தது அவருடையது என்று சபையை நம்பவைக்கிறவர் இன்னொரு ரகம். தொண்டை கட்டியிருக்கிறது என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு, கட்டாத தொண்டையால் நம்மைக் கொல்லுகிறவரும் உண்டு. இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. காது உள்ளவர்கள் எழுந்துபோய்ச் சுக்குக்காப்பி குடித்துவிட்டு வரலாம். நான் இன்று பிடித்துக்கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்தப்போகிற பிராணி வேறு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர், அலட்டிக்கொள்ளாத வித்வான்.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். மேடையில் எல்லோரும் வேர்த்து வடிந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒருவரையொருவர் கண்ணால் கெஞ்சிக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் ஒருவர் மட்டும் பஸ்சுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருப்பாரே, அவர்தான். தோளில் கிட்டார் தொங்கும். விரல்கள் அதன்மேல் என்னவோ செய்துகொண்டிருக்கும். அந்த விரல்களுக்கும் தமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவராக அவர் பந்தல் காலையோ புளியமரத்தையோ பார்த்துக்கொண்டிருப்பார். சபை மொத்தமும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாடுகிறவனை யார் பார்த்தார்கள்?

போடிநாயக்கனூரில் எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு வாய்த்த வித்வானின் பெயர் மாஸ்டர் டோனி. எந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்று யோசிக்காதீர்கள். பக்கத்துச் சிலமலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒச்சப்பன். ஒச்சப்பன் என்று தட்டியில் எழுதினால் கிட்டார் வாசிப்பார் என்று எவனும் நம்பமாட்டான் என்பதால் அவரே டோனி ஆனார். மாஸ்டர் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், "அதுவா வந்துச்சு" என்பார். அவருக்கு எல்லாமே அதுவாகத்தான் வரும்.

எங்கள் ஊர் ஆண்கள் தலையில் எண்ணெய் வழிய, வகிடு எடுத்துப் படிய வாரிக்கொண்டு கோயிலுக்குப் போன காலம் அது. எண்ணெய் வைக்காத தலை என்றால் வீட்டில் சாவு, இல்லையென்றால் காய்ச்சல். டோனி எண்ணெய் வைக்காமல் வந்தார். காற்று கலைத்துவிட்டுப் போனதுபோல முடி கிடக்கும். அந்தக் காற்று சிலமலையில் ரசம்போன ஒரு கண்ணாடிக்கு முன்னால் பொழுது விடிந்ததிலிருந்து வீசிய காற்று என்பது அவருடைய அம்மாவுக்கும், அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்து ஷேவ் பண்ணக் காத்திருந்த அப்பாவுக்கும் மட்டும் தெரியும். சட்டையில் மேல் பொத்தான்கள் போடுவதில்லை. மறந்துவிட்டதாக ஐதீகம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. அதுவும் மறதிதான். கிட்டாருக்கு உறை கிடையாது. குளிக்கப் போகிறவன் துண்டைப் போட்டுக்கொள்கிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடப்பார். வாயில் ஒரு சூயிங்கம் ஓடிக்கொண்டே இருக்கும். முகத்தில் அசைவது அது ஒன்றுதான்.

கச்சேரிக்கு எப்போதும் கடைசியில்தான் வருவார். முதல் பாட்டு தொடங்கிய பிறகு, கூட்டத்துக்கு நடுவில் வழிவிடச் சொல்லாமல் வழி கிடைக்க, ஏதோ அந்தப் பக்கமாகப் போனவர் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த மாதிரி மேடை ஏறுவார். "பாத்தியா, ஒத்திகை கித்திகை ஒண்ணும் கெடையாது, நேரா வந்து நின்னாரு, வாசிச்சாரு" என்று கூட்டம் உருகும். கச்சேரி தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பாட்டு எப்போது தொடங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததை டீ ஆற்றுகிறவர் எத்தனையோ பேரிடம் சொல்லிப்பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

"யார்கிட்ட மாஸ்டர் கத்துக்கிட்டீக?" என்று கேட்டால் ஒரு பக்கத்து உதடு மட்டும் லேசாக மேலே போகும். "கத்துக்கிறதா? தானா வருது." ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பஸ்சில் மதுரைக்குப் போய், ஒரு வாத்தியார் வீட்டு மாடியில் விரல் நுனி வெடிக்க வெடிக்க இவர் உருப்போட்ட கதையை அந்த பஸ் கண்டக்டரைக் கேட்டால் சொல்வார். வீட்டிலும் விடாத சாதகம். அம்மா மாட்டுக் கொட்டத்திலிருந்து கத்துவார்: "ஏண்டா ஒச்சப்பா, விடிஞ்சதுலருந்து அந்த டொய்ங்கியப் போட்டு நோண்டிக்கிட்டுக் கெடக்கியே, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" உழைப்பது தப்பா? தப்பே இல்லை. அந்த உழைப்புக்காக நான் அவருக்கு மாலைகூடப் போட்டிருப்பேன். அதைத் திருட்டுச் சாராயம் மாதிரி ஒளித்துவைத்துவிட்டு, பக்கத்தில் நேர்மையாக வேர்த்துக்கொண்டிருக்கிறவனை அற்பனாக்குகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

டோலக் அழகுமலை என்று ஒருவர் இருந்தார். வாசிக்கும்போது பல்வலி வந்தவர் மாதிரி முகம் போகும், நாக்கு வெளியே வந்துவிடும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு தாளம் தப்பாது. ஊர் என்ன சொன்னது? "பாவம், சிரமப்பட்டுத்தான் வாசிக்கிறான்." தோட்டத்தில் ஒருவன் வேர்க்க வேர்க்க மண் வெட்டினால் உழைப்பாளி என்கிற ஊர், மேடையில் வேர்த்தால் மட்டும் சரக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. இந்த விசித்திரம் டோனிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் கொட்டாவி விட்டார்.

ஆமாம், கொட்டாவி. ஒரு காதல் பாட்டு. நடுவில் கிட்டாருக்கென்றே ஒரு சிக்கலான இடம் வரும். அந்த இடத்தில், விரல்கள் கம்பிமேல் பறந்துகொண்டிருக்கும்போது, டோனி மெதுவாகக் கொட்டாவி விடுவார். சபை செத்துப்போகும். இவ்வளவு கஷ்டமான இடத்தில் மனுசனுக்குத் தூக்கம் வருகிறதே! முதல் தடவை நானும் செத்தேன். அடுத்த கச்சேரியில் அதே பாட்டில் அதே இடத்தில் அதே கொட்டாவி. அதற்கடுத்து ஒரு கல்யாணத்தில், அதே வரி முடிகிற இடத்தில், அதே நீளத்தில். கொட்டாவிக்கு ஒத்திகை பார்த்த மனிதரை நான் என் வாழ்நாளில் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவரைத் தம் கச்சேரிக் குழுவில் சேர்த்து வைத்திருந்தது குத்புதீன் பாய். கடைத்தெருவில் சாக்குக் கடை. ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கு கொடுப்பது தொழில், ஹார்மோனியம் வாசிப்பது கிறுக்கு. மகள் பெயரில் 'ரசியா மெல்லிசைக் குழு' என்று ஒன்றை நடத்தினார். ஒவ்வொரு சுரத்துக்கும் புருவத்தைத் தூக்கித் தூக்கி வாசிக்கிற நல்ல மனுசன். ஏலக்காய் கிட்டங்கி ஒன்றில் சாக்கு இறக்கப் போனபோதுதான் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். ராக்கையா என்பவரின் மகள், பொன்னுமணி.

பாய் அவளைக் குழுவில் சேர்த்துக்கொள்கிறேன் என்று ராக்கையாவிடம் நடையாய் நடந்தார். ராக்கையா லேசில் மசிகிற ஆள் இல்லை. தேவாரம் என்கிற ஊரில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார். கடைசியில் ஒரு நாள் சாக்குக் கடை வாசலில் நின்று சொன்னார், குழு போகிற இடமெல்லாம் ரசிகனாக ஒட்டிக்கொண்டு திரிந்த நானும் அங்கே இருந்தேன்:

"பாய், ஒங்க மொகத்துக்காக ஒரே ஒரு தடவ. ஆயுத பூசைக்கு மலைக்குப் போறீகள்ல, அங்க பாடட்டும். சபையில எடுபட்டா கல்யாணத்தத் தள்ளி வச்சுட்டு ஒங்களோட அனுப்புறேன். இல்லேன்னா தையில முடிச்சுவிட்டுட்டு நான் எஞ்சோலியப் பாப்பேன்."

"எடுபடும் ராக்கையா. நான் சொல்றேன்ல."

"நீங்க நல்லவரு பாய், எல்லாத்தையும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவீக. எனக்கோ பாட்டு தெரியாது. அந்த டோனி மாஸ்டரு என்ன சொல்றாரோ, அதான் எனக்கு."

கவனித்தீர்களா? பாராட்டுகிறவர் சொல்லுக்கு மதிப்பில்லை. எதற்கும் அசையாதவன் எல்லாம் தெரிந்தவன். இந்தக் கணக்கை ராக்கையா தனியாகப் போடவில்லை, ஊரே போட்டது.

ஜீப்பு மலை ஏறும்போது பொன்னுமணி என் பக்கத்தில் ஹார்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பயமா என்று கேட்டேன்.

"பயந்தான்ணே. ஆனா பாடணும்ணே. நாம பொறுக்குற காயி எந்தச் சீமைக்கோ போயிருது, யாரு பொறுக்குனான்னு எவனுக்குத் தெரியும்? பாட்டுன்னா இன்னாரு பாடுனதுன்னு சொல்லுவாகள்ல."

முன் சீட்டில் டோனி. அன்று அவரும் எங்களோடு வரவேண்டியதாகிவிட்டது, மலைக்குத் தாமதமாக வர வேறு ஜீப்பு இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்ட, ஏறியதிலிருந்து இறங்குகிறவரை தூங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தபோது அவர் கழுத்துகூட ஆடவில்லை. தூங்குகிறவன் கழுத்து ஆடாமல் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு இடத்தில் ஜீப்பு நின்றுவிடும். அங்கிருந்து எஸ்டேட்டு ஸ்டோர் வரை ஏலச்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஸ்டோர் என்றால் ஏலக்காய் காயவைக்கிற பெரிய கட்டடம், அதற்கு முன்னால்தான் வருஷா வருஷம் ஆயுத பூசையும் பாட்டும் சாப்பாடும். ஐப்பசி நெருங்குகிற ஈரம். அந்த மாசத்தில் ஏலக்காட்டில் நடக்கிறவர்களுக்குச் செய்முறை ஒன்று உண்டு. புகையிலையை ஊறவைத்து, உப்பும் சோப்பும் சேர்த்துக் குழைத்து, பாதத்திலிருந்து முழங்காலுக்கு மேல்வரை பூசிக்கொள்ள வேண்டும். முதலாளியானாலும் சரி, மூட்டை தூக்குகிறவரானாலும் சரி, பூசாமல் யாரும் காட்டுக்குள் கால்வைப்பதில்லை. வைத்தால் அட்டை ஏறும்.

பாதை முனையில் கருப்பம்மாள் ஒரு சட்டியோடு நின்றாள். ஸ்டோரில் வேலை பார்க்கிற அம்மாள். நாங்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வரிசையாகக் காலை நீட்டினோம். பார்க்க அழகான காட்சி இல்லைதான். கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று, நாறுகிற சாந்தை அள்ளிப் பூசிக்கொண்டு யாராலும் கம்பீரமாக இருக்கமுடியாது. டோனி தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பு, வெரசா வந்து கால நீட்டு. அட்டை ஏறிக்கிரும்."

டோனியின் உதடு ஒரு பக்கம் மேலே போனது. "எனக்கு ஏறாது."

"ஏன், ஒனக்கு மட்டும் ரத்தம் இல்லையா?"

பதில் சொல்வது அலட்டிக்கொள்ளாத வித்வானுக்கு அழகில்லை. கறுப்பு பெல்பாட்டம் ஈரத்தில் புரள, ஏலச்செடிகளை உரசிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் சாவகாசமாக நடந்து போனார். பெல்பாட்டம் என்கிற உடுப்பு, கீழே ஆள் நுழைகிற அளவு வாசல் உள்ளது. அட்டைக்கு அது போதும். இவர் மாஸ்டர் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவும் இல்லை.

மூன்று மணிவாக்கில் கச்சேரி தொடங்கியது. மேகத்தோடு இருட்டும் சேர்ந்துகொண்டால் ஜீப்பு போகாது என்பதால் மலையில் எல்லாம் பகலோடு சரி. பலகை மேடை, ஒரு ஜெனரேட்டர், எதிரே சாக்கை விரித்து எஸ்டேட்டு ஜனம். முதலில் பாய் ஒரு பக்திப் பாட்டைப் புருவத்தால் தூக்கி நிறுத்தினார். பிறகு அந்தக் காதல் பாட்டு. கொட்டாவி அதற்குரிய இடத்தில் வந்தது. எஸ்டேட்டின் தலைமைக் கணக்கர், பெரியகணக்கு என்பார்கள், தொடையைத் தட்டிக்கொண்டார். மூன்றாவது பொன்னுமணி.

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் நடுக்கம் நின்றது. பல்லவியைத் திரும்பப் பாடும்போது பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அழகுமலை நாக்கை வெளியே நீட்டியபடி அழுதுகொண்டிருந்தார். கூடவே மலைக்கு வந்திருந்த ராக்கையா மகளைப் பார்க்கவில்லை. கைகட்டி நின்று டோனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மேகம் இறங்கி, பக்கத்தில் இருப்பவனே புகைமூட்டமாகத் தெரிகிற நேரத்தில் மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருடைய வாய் அசைவது நின்றது. சூயிங்கம் நின்றுவிட்டது. எங்கே, எவ்வளவு உயரத்தில் என்றெல்லாம் பெண்பிள்ளைகளும் படிக்கிற பக்கத்தில் நான் எழுதக்கூடாது. ஏறாது என்று சொன்னது ஏறிவிட்டது. ஒன்று இல்லை, ஒரு குடும்பமே. கறுப்புத் துணி, ரத்தம் வெளியே தெரியாது. வேறு எவனாக இருந்தாலும் "அய்யய்யோ அட்டை" என்று ஒரு குதி குதித்திருப்பான். சபை சிரித்திருக்கும், யாராவது உப்புக் கொண்டுவந்திருப்பார்கள், பாட்டு தொடர்ந்திருக்கும். டோனி குதிக்கவில்லை. சரணத்தின் நடுவில் கிட்டாரைக் கழற்றினார். நாற்காலியில் சாய்த்தார். யாரையும் பார்க்காமல், எந்த அவசரமும் இல்லாமல், மேடையை விட்டு இறங்கி ஸ்டோருக்குப் பின்னால் நடந்து போனார். அந்த நிலையிலும் நடை மாறவில்லை.

பெரியகணக்கு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது. "மாஸ்டருக்குப் புடிக்கலபோல. பாதியில எறங்கிட்டாரு பாத்தியா?"

அது சாக்கு விரிப்பின் மேலேயே ஊர்ந்து கடைசி வரிசை வரைக்கும் போனது. புடிக்கலையாம். சுருதி சேரலையாம். கொச்சுப் பெண்ணு, பாட்டு சரியாயிட்டில்லா என்று மலையாளம் கலந்து ஒருவர் தீர்ப்பு எழுதினார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இலை நறுக்க மறந்தவர்கள் மறுபடி கத்தியை எடுத்தார்கள். பொன்னுமணி திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் கிட்டார் மட்டும் இருந்தது. ஒரு வரி அப்படியே விட்டுப்போனது. பாய் ஹார்மோனியத்தை ஓங்கி அமுக்கி அவளைத் தூக்கப் பார்த்தார். பாடினாள், ஆனால் அது கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளை வாத்தியார் முன்னால் முனகுகிற மாதிரி இருந்தது. முடிந்தபோது கைதட்டல் இல்லை. அடுத்த பாட்டுக்கு மாஸ்டர் அதே நடையில் திரும்பிவந்து கிட்டாரை மாட்டிக்கொண்டார். அவருக்குக் கைதட்டினார்கள்!

ஸ்டோருக்குப் பின்னால் நடந்ததைப் பந்தி போடுவதற்குள் கருப்பம்மாள் சமையல்கட்டில் சொல்லிவிட்டாள். விறகு எடுக்கப் போயிருக்கிறாள். கால்சட்டை கணுக்காலில் கிடக்க, மாஸ்டர் டோனி "ஆத்தா, ஆத்தா, பிச்சு எறியாத்தா" என்று அழுதபடி ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தாராம். இவள் உப்பைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். "யார்ட்டயும் சொல்லிராதீக ஆத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். தானாக வரும் என்பாரே, அழுகையும் அன்று தானாகத்தான் வந்திருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் ராக்கையா நேரே டோனியிடம் போனார். பின்னாலேயே பாய், பொன்னுமணி, நான், கருப்பம்மாள், எஸ்டேட்டு ஜனம் பாதி. ராக்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாஸ்டரு, ஒரு வார்த்த சொல்லுங்க. எம்புள்ள பாட்டுல என்ன கொறை?"

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போதும். அட்டை. அதைச் சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், இரண்டு நாள் கேலி பேசியிருப்பார்கள், அந்தப் பெண் பிழைத்திருப்பாள். டோனி ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மேகத்தைப் பார்த்தார்.

"பாப்போம்," என்றார்.

நம் பக்கத்தில் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிற பாப்போம்.

கருப்பம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "என்னாத்தப் பாக்கப்போறான்? பாட்டுல ஒரு கொறையும் இல்லய்யா. இவனுக்கு அட்டை கடிச்சுச்சு. நாந்தான் உப்புப் போட்டு எடுத்துவிட்டேன். நாறுதுன்னு புகையிலத் தண்ணி பூசமாட்டேன்னான்ல, அதான்!"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பாய் "அல்லாவே, அதானா!" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். நானும் ராக்கையாவின் கையைப் பிடித்து, நம்புங்க, அதுதான் நடந்திருக்கு என்று சொன்னேன். பொன்னுமணியின் முகம் எங்கிருந்தோ திரும்பி வந்த மாதிரி இருந்தது. ராக்கையா டோனியின் முகத்தை உற்றுப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி, அரைச் சிரிப்பு, ஓடுகிற சூயிங்கம். ஒரு துளி அசையவில்லை.

"அட்டை கடிச்ச மொகமாய்யா இது?" என்றார் ராக்கையா. "எம்புள்ளைக்காக நீங்க பரிஞ்சு பேசுறீக. வேணாம்த்தா. பொய் சொல்லி எடுபட வேணாம்."

"அண்ணே," என்று டோனியிடம் திரும்பினாள் பொன்னுமணி. "நீங்களே சொல்லுங்கண்ணே. அட்டைதானே?"

"ப்ச்," என்றார் மாஸ்டர் டோனி. "என்னமோ சொல்றாங்க."

கால்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மாஸ்டர் டோனியிடமா? அத்தனை பெண்கள் நடுவிலா? அப்படிக் கேட்கிறவன்தான் அற்பன் ஆவான். அவர் சாம்பலைத் தட்டிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். இறங்கும்போதும் முன் சீட்டில் தூங்கினார். பின்னால் பொன்னுமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். அன்று அந்த மனிதரைக் கழுத்தைப் பிடித்து வளைவில் உருட்டிவிட்டிருந்தால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

தையில் கல்யாணம் நடந்தது. தேவாரத்தில் மலையடிவாரத்தை ஒட்டிக் காடு. சோளத்துக்கு யானை இறங்கினால் பொன்னுமணியைத்தான் தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்தச் சொல்கிறார்கள். மருமகள் குரல் நாலு காடு தாண்டிக் கேட்கும் என்று மாமியாருக்குப் பெருமை. பாடுவதில்லை. நானே ஒரு தடவை அங்கே போனபோது கேட்டுப் பார்த்தேன். "சுருதி சேராதுண்ணே எனக்கு" என்றாள், நிஜமாகவே நம்பி.

மாஸ்டர் டோனி என்ன ஆனார்? என்ன ஆவார், வளர்ந்தார். பாட்டு பிடிக்கவில்லையென்றால் பாதியில் இறங்கிவிடுவார் என்ற புகழ் சின்னமனூர் தாண்டிக் கம்பம் வரை பரவியது. அவர் இறங்குகிறாரா என்று பார்க்கவே கூட்டம் வந்தது. வந்த கூட்டத்தை ஏமாற்றலாமா? எண்பதுகளில் கச்சேரிக்கு ஒரு பாட்டு என்று வைத்து இறங்கத் தொடங்கினார். எந்தப் பாட்டில் என்பது முன்கூட்டியே அவருக்குத் தெரியும், பாடப்போகிற பாவிக்குத்தான் தெரியாது. கல்யாண வீட்டில் முதன்முதலாக மைக் பிடித்த எத்தனை பிள்ளைகள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு மைக்கைக் கீழே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ரசிகர்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "என்னா ஆளுய்யா! கொஞ்சமாச்சும் அலட்டிக்கிறாரா பாரு!"

நமக்கும் சங்கீதத்துக்கும் வெகுதூரம், கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை என்று நீங்கள் சாய்ந்து உட்காருவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ராத்திரியெல்லாம் விழுந்து விழுந்து படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்து, "புத்தகத்தைத் தொடவே இல்லப்பா" என்று நண்பன் வயிற்றில் புளியைக் கரைத்தது யார்? முந்தின நாளே மசாலா அரைத்துவைத்துவிட்டு, "திடீர்னு வந்துட்டீங்க, இருக்கிறதப் போட்டு ஏதோ செஞ்சேன்" என்று நாத்தனாரின் சமையலுக்குக் குழி வெட்டியது யார்? ஏன், இதைக்கூட நான் உட்கார்ந்தேன், எழுதினேன், தானாக வந்தது.

இதெல்லாம் சில்லறை, போகட்டும். நான் கேட்பது வேறு. உங்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்றை, சொன்னால் உங்கள் மதிப்பு ஒரு குண்டுமணி குறையும், சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தியின் வாழ்க்கை திசைமாறும் என்ற நிலையில், "பாப்போம்" என்று மேகத்தைப் பார்த்துச் சொன்ன நாள் உங்களுக்கு இல்லையா? அலுவலகத்தில்? சம்பந்தம் பேசிய வீட்டில்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

அட, யோசிக்கவே வேண்டியதில்லை என்கிறீர்களா? யாரோ ஒரு கிட்டார்காரனைப் பற்றித்தானே எழுதியிருக்கிறான் என்று பக்கத்தைப் புரட்டப்போகிறீர்களா? புரட்டுங்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு துளிகூட. நன்றாகவே வருகிறது உங்களுக்கு.